எந்த ஊர்த் தண்ணீர்?

மட்டக்களப்பு வாவியின் கரையில் பிறந்தவர்களுக்குத் திசை சொல்லிக்கொடுக்க வடக்கும் தெற்கும் வேண்டியிருப்பதில்லை. சூரியன் எழும் பக்கத்துக் கரை எழுவான்கரை. படும் பக்கத்துக் கரை படுவான்கரை. இவ்விரண்டுக்கும் நடுவே, ஏறாவூர்ப் பக்கத்தில் தொடங்கிக் கல்முனைப் பக்கம்வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு, ஓரிடத்தில் ஒடுங்கியும் ஓரிடத்தில் விரிந்தும் வாவி கிடக்கிறது. அதன்மேல் தோணியில் போகிறவன் எங்கே நிற்கிறான் என்று கேட்டால், எந்தக் கரைக்கு அண்மையில், எந்த ஊருக்கு நேரே, எவ்வளவு ஆழத்தில் என்ற மூன்று விடைகளையும் சேர்த்துச் சொன்னாலன்றி அவனுடைய இருப்பிடம் விளங்காது. ஒன்றின் ஸ்தானம் ஒரே எண்ணில் அடங்குவதன்று என்னும் இந்த உண்மையை நான் என் தாய்மாமனுடைய தோணியிலே கற்றேன். கற்றதை மறந்து கணினியின் முன்னே ஒரு நாள் பிழைவிட்டு, மறுபடியும் அவர் வாயிலாகவே அதைக் கற்றுக்கொண்டேன். அதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டுமென்ற விருப்பம் நெடுநாளாக என் மனத்தில் இருந்து வருகிறது.

மாமா வாவியில் நண்டுக்கூடு வைத்துச் சீவித்தவர். கூட்டின்மேல் மிதவை கட்டினால் இரவில் வேறு தோணிக்காரர் தூக்கிவிடுவார்கள் என்பதனால், அவர் மிதவை கட்டுவதே இல்லை. கூட்டுக் கயிற்றின் நுனியை நீருக்குள்ளேயே, முழங்கை ஆழத்தில், ஒரு கம்பில் முடிந்துவிட்டு வந்துவிடுவார். மறுநாள் விடியற்காலையில், நீர்ப்பரப்பில் யாதோர் அடையாளமும் இன்றிப் பனி மூடிக் கிடக்கும் வேளையில், கோயிற் கோபுரத்தின் உச்சி கரையிலுள்ள ஒற்றைத் தென்னையின் தலைக்கு நேரே வந்து பொருந்தும்வரை தோணியைச் செலுத்துவார். அந்தக் கோட்டை விடாமல், மறுகரை ஆலமரம் அதற்குப் பின்னாலுள்ள ஓட்டு வீட்டை முற்றாக மறைக்கும்வரை மெல்ல மெல்ல நகர்வார். இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும் அந்த இடத்தில் கையை முழங்கைவரை நீரில் விடுவார். கயிறு கையில் அகப்படும். சிறுவனாகிய எனக்கு அது மந்திரவித்தை போலத் தோன்றியது. "கூட்டுக்குள்ள நண்டு கிடக்கிறது பெரிய விசயமில்ல மனே, கூடு எங்க கிடக்கெண்டு தெரியணும்" என்பார் அவர்.

2010ஆம் ஆண்டு, போர் ஓய்ந்த அடுத்த வருஷம், இரு கரைகளுக்கும் இடையே போக்குவரத்து மீண்டும் வழமைக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், வாவி நீரின் உவர்த்தன்மை ஒரு வருஷத்துக்குள் எவ்வாறு மாறுகின்றது என்று அளந்து பார்க்க விரும்பிய சிறு குழுவொன்றுக்குக் கணக்கெழுதவும் கணினியில் பதியவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. கணிதம் படித்துவிட்டு உத்தியோகத்துக்குக் காத்திருந்த நான் அந்த வேலையை ஏற்றுக்கொண்டேன். தோணிக்கு மாமாவை அழைத்துச் சென்றேன். வாவி கடலோடு கலக்கும் வாய்கள் இரண்டு: வடக்கே பாலமீன்மடுவிலுள்ள முகத்துவாரம் ஒன்று, தெற்கே கல்லாற்றில் மற்றொன்று. கோடையில் மணல் மேடிட்டு இவ்வாய்கள் அடைபடும். வாடைக்காற்று மழை கொட்டும் கார்த்திகை மார்கழியில் வெள்ளம் உடைத்துக்கொண்டு கடலுக்குப் பாயும். ஆகையால் ஒரே இடத்து நீர் ஒரு மாதத்தில் குளத்து நீர் போலவும் இன்னொரு மாதத்தில் கடல் நீர் போலவும் இருக்கும். இதனைப் பிரமாணத்துடன் அறிய, வடக்கிலிருந்து தெற்காக எட்டு இடங்களை வகுத்துக்கொண்டோம்: ஏறாவூர்ப் பக்கம், முகத்துவாரம், கல்லடிப் பாலம், வலையிறவு, மண்முனைத் துறை, கல்லாற்று வாய், துறைநீலாவணை, கிட்டங்கி. ஒவ்வோரிடத்திலும் மேல் நீரில் ஒரு போத்தல், அடி நீரில் ஒரு போத்தல். உப்பு நீர் பாரம் கூடியதாகையால் நன்னீருக்கு அடியிலே தங்கும். மேலே மாத்திரம் அள்ளிப் பார்ப்பவன் பாதி உண்மையையே காண்பான்.

அடி நீர் எடுப்பதை மாமாவே ஒரு கலையாகப் பழகிக்கொண்டார். போத்தலின் கழுத்தில் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளைக் கோத்து, வாயைத் தக்கையால் இறுக அடைத்து, போத்தலுக்கு ஒரு கயிறும் தக்கைக்கு வேறொரு கயிறுமாக இறக்குவார். ஈயம் சேற்றைத் தொட்டது கையில் தெரிந்தவுடன் ஒரு முழம் மேலே தூக்கி நிறுத்தி, தக்கைக் கயிற்றைச் சுண்டி இழுப்பார். நீர்ப்பரப்பில் கொப்புளங்கள் கிளம்பும். கொப்புளம் ஓயும்வரை காத்திருந்து போத்தலை மேலே இழுப்பார். அளக்கும் கருவி ஒன்றே ஒன்று இருந்தபடியால் அதைத் தோணியில் ஏற்ற அனுமதி இல்லை. போத்தல்களைக் கரைக்குக் கொண்டுவந்துதான் பார்க்க வேண்டும். உப்புமானி என்று நாங்கள் வழங்கிய அக்கருவி ஒரு சாண் நீளக் குழல். நுனியிலுள்ள கண்ணாடிச் சரிவில் ஒரு துளி நீரை விட்டு, மூடியைக் கவிழ்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கண்ணை வைத்தால், மேலே நீலமும் கீழே வெண்மையுமாக வட்டம் பிரிந்து தோன்றும். இரண்டும் சந்திக்கும் எல்லை எந்த எண்ணில் நிற்கிறதோ அதுவே ஆயிரத்தில் இத்தனை பங்கு உப்பு என்பதன் அளவு. கடல் நீரானால் 35 அளவில் நிற்கும்.

அந்த ஆவணி மாதத்தில், முறையான அளவீடு தொடங்குமுன், பழகிக்கொள்வதற்காக ஒரு முறை எட்டு இடங்களுக்கும் சென்று வந்தோம். ஒவ்வொரு போத்தலிலும் இடத்தின் பெயரையும் மேல் நீர், அடி நீர் என்பதையும் கடதாசித் துண்டில் மையால் எழுதி ஒட்டியிருந்தேன். திரும்பும்போது காற்றுக் கிளம்பி, அலைநீர் தோணிக்குள் தெறித்துப் பெட்டியை நனைத்தது. கரை சேர்ந்து பெட்டியைத் திறந்தபோது, பதினாறு போத்தல்களும் உடையாமல், ஒரு துளியும் சிந்தாமல் இருந்தன. கடதாசிகள் மாத்திரம் கழன்று அடியில் கூழாகக் கிடந்தன. நான் ஒவ்வொரு போத்தலாக எடுத்து உப்புமானியில் பார்த்து எண்களை எழுதத் தொடங்கினேன். மாமா சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "தண்ணி இருக்கு. அது எந்த ஊர்த் தண்ணி எண்டது இல்லையே மனே. மறுகா இதை எழுதி என்ன செய்யிற?" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. பதினாறு எண்களும் உண்மையானவை. அளவீட்டில் பிழை ஏதும் இல்லை. ஆயினும் அவை எதனையும் சொல்லவில்லை. இரண்டு நாள் உழைப்பை இருவருமாக வாவியிலேயே ஊற்றினோம்.

அன்றிரவு மாமா வலை பின்னும் நூலில் பதினாறு துண்டு வெட்டினார். ஒவ்வொன்றிலும் இடத்தின் வரிசைப்படி முடிச்சுகள்: முதலாம் இடத்துக்கு ஒன்று, எட்டாம் இடத்துக்கு எட்டு. மேல் நீர்ப் போத்தலுக்கு வெள்ளை நூல், அடி நீர்ப் போத்தலுக்குக் கறுப்பு நூல். அலை அடித்தாலும், மை கரைந்தாலும், இருட்டிலே கை தடவினாலும் போத்தல் தன் ஊரையும் ஆழத்தையும் தானே சொல்லும். எழுத்துப் படிக்காத மனிதர் செய்த அந்த ஏற்பாட்டில், ஒரு பெறுமானத்தோடு அதன் இரண்டு சுட்டிகளையும் பிரிக்க முடியாதபடி கட்டிவைத்துவிட்டார் என்பதை நான் அப்பொழுது உணரவில்லை.

2011 தை மாதத்தில் அளவீட்டைத் தொடங்கினோம். அந்த மாதத்தில்தான் கிழக்கு மாகாணத்தைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது. முகத்துவாரங்களை அடுத்த இரண்டு இடங்களையும் தவிர்ந்த ஆறு இடங்களில் ஐந்துக்குத் தோணியைக் கொண்டுசெல்ல இயலவில்லை; அந்தப் பத்துப் போத்தல்களும் எங்கள் கணக்கில் வெறுமையாயின. பின்பு மார்கழிவரை ஒரு மாதமும் தவறவில்லை. பன்னிரண்டு மாதம், எட்டு இடம், இரண்டு ஆழம்: 192 அறைகள் கொண்ட ஒரு பெட்டகமாக அவ்வருஷத்து வாவி முழுவதும் என் கணினிக்குள் வந்து அமர்ந்தது.

நிரையும் நிரலுமாக எண்களை அடுக்கிய அமைப்பை எங்கள் இலங்கைப் பாடநூல்கள் தாயம் என்று வழங்கும். தமிழ்நாட்டார் அணி என்பர். கட்டம் கீறிக் காய் நகர்த்தி ஆடும் ஆட்டத்துக்கும் தாயம் என்றே பெயர். அந்த ஆட்டத்தில் ஒன்று விழுந்தாலன்றிக் காய் கட்டத்துக்குள் இறங்காது. ஆனால் நான் பயன்படுத்திய பைதன் மொழியிலும், அதன் பல்பரிமாண அணிகளைக் கையாளும் நம்பை என்னும் நூலகத்திலும் எண்ணிக்கை ஒன்றில் தொடங்குவதில்லை, பூச்சியத்தில் தொடங்கும். தை மாதம் பூச்சியம், மார்கழி பதினொன்று. ஏறாவூர் பூச்சியம், கிட்டங்கி ஏழு. மேல் நீர் பூச்சியம், அடி நீர் ஒன்று. ஞாபகத்தில் உள்ள வழியும் நினைவகத்தில் உள்ள வழியும் வேறு என்பதும் அறியவேண்டியதே: மனிதர் கண்ணுக்கு அது மூன்று பரிமாணப் பெட்டகம், இயந்திரத்துக்கோ 192 மணிகள் கோத்த ஒரே மாலை. முதலில் தை மாதத்து ஏறாவூர் மேல் நீர், அடுத்தது அதன் அடி நீர், பின்பு முகத்துவாரத்து மேல் நீர் என்று ஆழம் முந்தியும், இடம் அடுத்தும், மாதம் கடைசியிலுமாக மாறிச் செல்லும்.

குழுவினர் கேட்ட கேள்வி எளிதானது. கடல்வாய்களில் உப்பு இருப்பது எவரும் அறிந்ததே. அவ்விரண்டு இடங்களையும் தள்ளி, அளக்கப்படாத வெறுமைகளையும் தள்ளி, எஞ்சியவற்றுள் மிகுந்த உவர்ப்பு எந்த மாதத்தில், எந்த இடத்தில், எந்த ஆழத்தில் காணப்பட்டது? எங்கள் பெண்கள் மாவை அரிதட்டில் அரிப்பதுபோல, நான் ஒரு நிபந்தனையை எழுதி எண்களை அரித்தேன். 192இல் 134 எஞ்சின. அவற்றுள் மிகப் பெரியது எங்கே உள்ளது என்று ஆர்க்மேக்ஸ் என்னும் கட்டளையால் வினவினேன். 93 என்று விடை வந்தது. ஒற்றை எண்ணை மூன்று சுட்டிகளாகப் பிரிப்பதற்கு அன்ராவல் இண்டெக்ஸ் என்று மற்றொரு கட்டளை உண்டு. பன்னிரண்டு, எட்டு, இரண்டு என்ற அளவைக் கொடுத்து 93ஐப் பிரித்தேன்; ஐந்து, ஆறு, ஒன்று என்று வந்தது. அதாவது ஆனி மாதம், துறைநீலாவணை, அடி நீர். ஆங்கில மாதங்களையே தமிழ்ப் பெயரால் வழங்குவது எங்கள் ஊர் வழக்கம். ஆனி என்றது ஜூன். கணினி முணுமுணுக்கவில்லை, பிழை அறிவிப்பு எதுவும் எழவில்லை. விடையை அறிக்கையில் எழுதிவிட்டு, மனநிறைவோடு வீட்டுக்குச் சென்றேன்.

திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்த மாமாவிடம் அதைச் சொன்னேன். அவருடைய கை நின்றது.

"ஆனி மாசத்திலயா? துறைநீலாவணையிலயா?"

"ஓம் மாமா. அடித் தண்ணியில."

"ஆனியில சிறுபோக வயல்தண்ணி வடிஞ்சு வாற பக்கம் மனே அது. கல்லோயாத் தண்ணி. அங்க ஒள்ளுப்பம் உப்பிருக்குமெண்டாலும் நம்பலாம். எல்லாத்தையும் விட அங்கதான் கூட எண்டா, உன்ட மெசின் வேற போத்தலைப் பாத்திருக்கு."

நான் இயந்திரத்தின் பக்கம் நின்று வாதிக்க முயன்றேன். அவர் வாதத்துக்கு வரவில்லை. ஊசியை மறுபடியும் எடுத்துக்கொண்டு, "நூலைப் பாத்தியா?" என்று மாத்திரம் கேட்டார்.

அந்தக் கேள்வி இரவு முழுவதும் என்னை உறங்கவிடவில்லை. விளக்கை ஏற்றி, அளவீட்டுக் கொப்பியைத் திறந்து, ஆனி மாதத்துத் துறைநீலாவணை அடி நீருக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்தேன். அது பெரிய எண் அன்று. நடுத்தரத்துக்கும் குறைந்த எண். அப்பொழுதுதான் ஆவணி மாதத்துப் பெட்டியும், அதன் அடியில் கூழாய்க் கிடந்த கடதாசிகளும் என் கண்முன் வந்தன. நிபந்தனை வைத்துப் பல்பரிமாண அணியை அரித்தவுடன், எஞ்சியவை மாதம் என்றும் இடம் என்றும் ஆழம் என்றும் இருந்த தங்கள் அறைகளைவிட்டு வெளியேறி, ஒரே வரிசையில் தோளோடு தோள் நெருங்கி நின்றுவிடுகின்றன. 93 என்பது அந்தப் புதிய வரிசையிலுள்ள ஸ்தானம். பழைய மாலையிலுள்ள ஸ்தானம் அன்று. இடையில் உதிர்ந்தவை எத்தனை என்பதை அந்த எண் அறியாது. புதிய வரிசையின் எண்ணைப் பழைய பெட்டகத்தின் அளவைக்கொண்டு பிரித்த நான், கடதாசி கழன்ற போத்தலுக்கு நானாகவே ஓர் ஊரைச் சூட்டியிருந்தேன்.

திருத்தம் சிறியது. அரித்தெடுக்கும்போது எஞ்சிய எண்களை மாத்திரம் எடுக்காமல், அவை மாலையில் இருந்த பழைய ஸ்தானங்களையும் ஒரு தனி வரிசையாக எடுத்துக்கொள்ள வேண்டும். நம்பையில் பிளாட்நான்சீரோ என்ற கட்டளை அதைச் செய்யும். அந்த வரிசையில் 93ஆம் சுட்டியில் இருப்பது என்ன என்று பார்த்தேன்: 137. அதைப் பிரித்தேன்: எட்டு, நான்கு, ஒன்று. புரட்டாதி மாதம், மண்முனைத் துறை, அடி நீர். புரட்டாதி என்பது செப்டெம்பர்; கோடை முற்றி, மழைக்கு முந்திய மாதம். மாமாவின் நியாயத்துக்கும் அது பொருந்தியது. ஆயினும் பொருத்தத்தை நம்பாமல் உதிர்ந்தவற்றைக் கையால் எண்ணினேன். 137க்கும் 93க்கும் வித்தியாசம் 44. தை முதல் ஆவணிவரை எட்டு மாதங்களில் இரண்டு கடல்வாய்களுக்கும் மாதம் நான்கு போத்தலாக 32. புரட்டாதியில் மண்முனைக்கு முன்னே வரும் முகத்துவாரத்துக்கு இரண்டு. வெள்ளத்தில் விடுபட்டவை பத்து. கூட்டினால் 44. கொப்பியையும் திறந்து பார்த்தேன். புரட்டாதிப் பக்கத்தில், ஐந்து முடிச்சுக் கறுப்பு நூலுக்கு நேரே, அந்த எண் இருந்தது. விடிவதற்கு முன் நான் அனுபவித்த ஆறுதலை இன்றும் மறக்கவில்லை.

பின்னர் இதே வேலைக்கு வேறு வழிகளும் உண்டென்று கற்றேன். ஆர்க்வேர் என்னும் கட்டளை, எஞ்சிய ஒவ்வொன்றுக்கும் அதன் மூன்று சுட்டிகளையும் சேர்த்தே ஒரு நிரையாகக் கொடுக்கும். மாமாவின் நூலைப் போல, பிரித்தறிய வேண்டிய வேலையே இல்லை. அதனினும் எனக்கு உவப்பான வழி, எதனையும் வெளியேற்றாமல் இருப்பது: வேண்டாத அறைகளில் எவ்வளவு சிறிய எண்ணிலும் சிறியதை நிரப்பிவிட்டு, பெட்டகத்தின் வடிவத்தைக் குலைக்காமல் பெரியதைத் தேடுவது. அறைகள் மூடப்பட்டிருக்கும், வீடு இடிக்கப்பட்டிராது, கிடைக்கும் எண் நேரே பழைய ஸ்தானத்தையே சுட்டும். வெறுமையான அறைகளை இவ்வாறு மூடுவதில் தனிச் சிரத்தை வேண்டும். எண் அல்லாதது என்று குறித்த ஓர் அறையை மூடாமல் விட்டால், பெரியதைத் தேடும் கட்டளை அந்த வெறுமையையே பெரியதெனக் காட்டிவிடும்.

ஒரு வழியை மாத்திரம் எவருக்கும் சொல்லேன். பெரிய எண் இன்னதென்று அறிந்த பிறகு, மூலப் பெட்டகத்தில் அந்த எண்ணைத் தேடிப் போவது பலருக்கும் இயல்பாகத் தோன்றும். எங்கள் உப்புமானி முழு எண்களையே காட்டியது. ஆகவே ஒரே எண் பல போத்தல்களுக்கு உண்டு. நான் அவ்வாறு தேடிப் பார்த்தபோது மூன்று இடங்கள் அகப்பட்டன. மண்முனைக்கு முன்னே வந்து நின்ற இரண்டும், நான் தள்ளிவைத்த முகத்துவாரத்துப் போத்தல்கள். ஒரே பெயருள்ளவர் ஊரில் மூவர் இருக்கையில், பெயரை மாத்திரம் சொல்லி விசாரிப்பவன் முதலில் எதிர்ப்பட்ட வீட்டிலேயே நுழைந்துவிடுவான்.

வரிசைக் கிரமமும் அவ்வாறே கவனிக்கத் தக்கது. போட்ரான் மொழியின் மரபில் மாலை கோக்கும் முறை மறுதலை. அங்கே முதற் சுட்டியே விரைந்து மாறும். 137 என்ற அதே எண்ணை அம்முறையில் பிரித்தால் ஐந்து, மூன்று, ஒன்று என்று வந்து, ஆனி மாதத்து வலையிறவில் கொண்டுபோய் விடும். எண் ஒன்றே; கோத்த முறை வேறானால் ஊர் வேறு. ஆனால் அதே மொழியின் 1990ஆம் ஆண்டுத் தராதரத்தில் மேக்ஸ்லொக் என்ற ஒரு செயற்பாடு அமைந்தது: நிபந்தனையையும் அணியையும் ஒன்றாகக் கொடுத்தால், அரித்த பின்னும் மூல அணியின் ஸ்தானத்தையே அது திருப்பித் தரும். எண்களின் பெருங்கூட்டத்தை ஒரே சொல்லால் அரிக்கும் குறியீட்டைக் கெனத் ஐவர்சன் 1962இல் வெளியிட்ட தமது ஏபிஎல் நூலிலேயே வகுத்திருந்தார். டிராவிஸ் ஒலிபன்ட் என்பவர் முந்திய இரண்டு நூலகங்களை ஒன்றாக்கி நம்பையை உருவாக்கி, 2006இல் அதன் முதற் பதிப்பை நிறைவித்தார். என் மேசைக்கு வந்த கருவி இவ்வாறு பலருடைய பிரயத்தனத்தால் வந்தது என்பதை அறிந்தபோது, கருவியின்மேல் எனக்கிருந்த கோபம் நீங்கியது. நான் கேட்டதற்கு அது சரியான விடையே சொன்னது. எந்த வரிசையைக் கேட்கிறேன் என்பதை நானே அறியாதிருந்தேன்.

ஸ்தானம் என்ற சொல்லை நான் இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்ப எழுதுவதற்குக் காரணம் உண்டு. கல்லடி உப்போடையில் 1929இல் சுவாமி விபுலாநந்தர் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்தில் படித்தவன் நான். அவருடைய சமாதியைக் கடந்தே நாள்தோறும் வகுப்புக்குச் செல்வோம். காரைதீவில் பிறந்து, விஞ்ஞானமும் கணிதமும் கற்ற அப்பெரியார், 1947இல் அரங்கேறிய தமது யாழ்நூலில் பண்டைத் தமிழரின் இசைநிலைகளை எண்ணும் விகிதமுமாகக் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு சுவரத்துக்கு அதன் ஸ்தானமே உயிர். நரம்பில் விரல் படும் இடம் ஒரு நூலளவு பிசகினாலும் அது வேறொரு சுவரமாகிவிடும். ஒலியைக் கேட்டவர் அது எவ்விடத்தில் பிறந்தது என்பதையும் கேட்டறிய வேண்டும் என்ற சிரத்தையே அந்த நூலின் உழைப்பு முழுவதிலும் எனக்குத் தெரிகின்றது.

அந்தச் சிரத்தை இன்றி நான் செய்த ஒரு காரியம், கணினிக்கு வெகு முன்னரே என் வாழ்க்கையில் நேர்ந்திருந்தது. 2004 மார்கழி 26ஆம் திகதி கடல் எழுந்து நாவலடியையும் கல்லடியையும் விழுங்கிய பின், பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்தவர்களுடைய பெயர்களை எழுதும் இளைஞர்களுள் நானும் ஒருவன். பல இடங்களிலிருந்து வந்த தாள்களிலிருந்து தனித்து வந்த பிள்ளைகளின் பெயர்களை மாத்திரம் பொறுக்கி, தேடுபவர்களுக்கு எளிதாக இருக்குமென்று ஒரே பட்டியலாகப் படியெடுத்து ஒட்டினேன். ஒரு தாய் வந்து விரலால் வரிவரியாகத் தடவி, மகனுடைய பெயரைக் கண்டு, "எங்க இருக்கான்?" என்று கேட்டார். பெயரும் வயதும் என் பட்டியலில் இருந்தன. எந்தப் பள்ளிக்கூடம் என்ற நிரலை இடம் போதாதென்று நானே விட்டுவிட்டிருந்தேன். பழைய தாள்கள் அனைத்தையும் தேடியெடுத்து அவருக்கு விடை சொல்லும்போது பொழுது பட்டுவிட்டது. அந்த ஒரு பகல் முழுவதும் அவர் சுவரோரத்தில் அமர்ந்து, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை கிடைத்தான், ஆனால் அந்தப் பகலை அவருக்கு நான் திருப்பிக் கொடுக்க முடியாது.

அரித்தல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 192 எண்களை ஒருங்கே பார்த்து எவரும் எதனையும் அறியமுடியாது. தள்ளுவதைத் தள்ளிக் கொள்ளுவதைக் கொள்ளுவதே அறிவின் முதற்றொழில். ஆனால் கொண்டதை அதன் இருப்பிடத்தோடு கொள்ளவேண்டும். இன்று மாணவர்களுக்கு இப்பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது, கட்டளைகளை எழுதிக்காட்டுமுன் பதினாறு போத்தல்களின் கதையைச் சொல்கிறேன். பிறகு, விடை வந்தவுடன் அந்தச் சுட்டியைக் கொண்டு மூல அணிக்குத் திரும்பிச் சென்று, அவ்வறையில் அதே எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரே ஒரு வரி அதற்குப் போதும். அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் துறைநீலாவணை அன்று என் அறிக்கையில் ஏறியிராது.

மண்முனைத் துறைக்கு 2014இல் பாலம் வந்துவிட்டது. மாமாவும் இன்று இல்லை. அவருடைய வலைப்பெட்டியை ஒழுங்குபடுத்தியபோது, ஈயக் குண்டுகளுக்கு நடுவே ஒரு கறுப்பு நூல் கிடைத்தது. வெளிச்சத்தில் பார்க்குமுன்னரே விரலால் எண்ணினேன்: ஐந்து முடிச்சு. மண்முனை, அடி நீர். அதுவரைக்கும் நூல் தெளிவாகச் சொல்லிற்று. அது எந்த மாதத்தில் போத்தலிலிருந்து அவிழ்க்கப்பட்டது, பன்னிரண்டு மாதமும் அவர் அதே நூலையே கட்டினாரா, புரட்டாதியில் நாங்கள் அந்தப் பெரிய எண்ணை அள்ளிய காலையில் அது அவருடைய விரல்களுக்கிடையே இருந்ததா என்று கேட்டேன். அதற்கு முடிச்சு இல்லை. மாதம் என் கொப்பியிலுள்ள பொறுப்பு. அவர் எனக்கென்று விட்டுவைத்த மூன்றாவது சுட்டி அது. ஆகையால் அந்த நூலைக் கொப்பியின் புரட்டாதிப் பக்கத்தில், அந்த எண்ணுக்கு நேரே வைத்துத் தைத்திருக்கிறேன்.